செருப்புப் போட்டுக்கொண்டால் போதாது, அம்மிணி

கோயம்புத்தூர்,
ஆடி 5

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது, வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னால் "செருப்புப் போட்டுக்கொண்டு தொடுங்கள், ஒன்றும் ஆகாது" என்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் குக்கர் விசில் அடிக்கும், நீ ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். குட்டிப் பையன் வேறு, "கரண்ட் எங்கிருந்து வருது அம்மிச்சி?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் விளையாடப் போய்விட்டான். அவனுக்கும் சேர்த்தே இந்தக் கடிதம்.

26 வருடம் மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்றை, அதாவது காயிலை, கட்டிய கை இது. படிப்பு பத்தாவதுதான். ஆனால் எரிந்த மோட்டாரைப் பிரித்ததும் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லிவிடுவேன். மூன்று ஃபேஸ் காயில்களில் இரண்டு கரிந்து, ஒன்று மட்டும் புதுசு போலப் பளபளவென்று இருந்தால், அது ஸ்டாரில், அதாவது மூன்று காயிலின் முனைகளையும் ஒரே இடத்தில் முடிந்த இணைப்பில், ஓடிய மோட்டார். லைனில் கரண்ட் கொண்டுவரும் மூன்று ஃபேஸ் வயரில் ஒன்று போன பிறகும் நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார்கள். தோட்டத்துக்காரர் "தானா எரிஞ்சு போச்சுங்க" என்பார். அப்பா என்னைப் பார்ப்பார், நான் ஒன்றும் பேசமாட்டேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பழைய சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? டயரை உரசிக்கொண்டு ஓடுமே, அந்த டைனமோ? ஒரு பொங்கலுக்கு சைக்கிளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். அன்றைக்கே லைட் எரியாமல் போனது. பல்பை மாற்றினார், வயரை மாற்றினார், டைனமோவைக் கழற்றி மேசையில் வைத்துச் சுழற்றிப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சைக்கிளில் மாட்டினால் மட்டும் எரியாது. மூன்றாம் நாள் எனக்கு உறைத்தது. டைனமோவிலிருந்து லைட்டுக்குப் போவது ஒரே ஒரு வயர்தானே? போவது அதில், திரும்பி வருவது சைக்கிளின் இரும்பு வழியாக. புதுப் பெயிண்ட் கிளாம்புக்கும் இரும்புக்கும் நடுவில் உட்கார்ந்து அந்த வழியை அடைத்துவிட்டது. பெயிண்டைக் கீறி இரும்பைத் தொடுவதற்கென்றே அந்தக் கிளாம்பில் கூரான ஒரு திருகு உண்டு. அதை முறுக்க மறந்திருந்தார். அரைச் சுற்று முறுக்கியதும் லைட் எரிந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கரண்ட் என்றால் அவ்வளவுதான் அம்மிணி. போனால் போதாது, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர வழி வேண்டும். வீட்டில் ஃபேஸ் வயரில் வருகிறது, நியூட்ரலில் திரும்புகிறது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலை மண்ணில் இறக்கியிருப்பார்கள். அதனால் மண்ணும் ஒரு திரும்பும் வழியாகிவிடுகிறது. ஃபேஸ் ஏறிய தகரத்தில் கை வைத்து ஈரத் தரையில் நிற்பவள் அந்த வழியின் நடுவில் ஒரு வயர். கம்பியில் உட்காரும் காக்கை இரண்டு காலையும் ஒரே கம்பியில் வைத்திருப்பதால் அதன் வழியாகப் போக வேறு இடம் இல்லை. நம் பக்கத்து மயில்கள் தோகையோடு பறந்து வந்து இரண்டு கம்பியைச் சேர்த்துத் தொட்டுவிடுகின்றன, செத்து விழுகின்றன.

உடம்பு உலர்ந்திருந்தால் ஓரளவு தடுக்கும். நனைந்துவிட்டால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1,000ஆல் வகுத்துப் பார், 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியருக்குப் பக்கமாகவே பிடித்த பிடியை விட முடியாமல் போய்விடும். 30க்கு மேல் போனால் இதயத்துக்கே ஆபத்து. செருப்பு என்ன செய்யும்? உலர்ந்த ரப்பராக இருந்தால் காலடியில் இறங்கும் வழியை அடைக்கும். ஆனால் நீ ஒரு கையை மெஷினில் வைத்து, மறு கையால் குழாயைத் திறப்பாய். அப்போது வழி கைக்குக் கை, நெஞ்சுக்கு நேராக. செருப்புக்கு அதில் வேலையே இல்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், தரையெல்லாம் கழுவிவிட்டு ஈரத்தோடு நின்றிருந்தோம். டெஸ்ட் பெஞ்சில் ஓடிய மோட்டாருக்கு எர்த், அதாவது பாடியிலிருந்து மண்ணுக்கு இறங்கும் வயர், கொடுக்கவில்லை. பூ வைக்கிறேன் பேர்வழி என்று அதன் பாடியைப் பிடித்தேன். கரண்ட் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பார்களே, அது இழுப்பதில்லை. நம் விரல்தான் மடங்கி இறுகிக்கொள்கிறது, நாம் விடச் சொன்னாலும் கேட்பதில்லை. கத்தவும் வரவில்லை. கூட வேலை பார்த்த அக்கா என்னைத் தொடாமல் ஓடிப்போய் மெயினை இறக்கினாள். அவள் பதறிப்போய் என்னைப் பிடித்து இழுத்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். அன்றிலிருந்து தெரியாத மெஷினை உள்ளங்கையால் தொடமாட்டேன், நீ பார்த்திருப்பாய்.

இனி உன் மெஷின். இப்போதைய மெஷின்களில் கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் ஃபில்டர் என்று ஒன்று வைக்கிறார்கள். அதிலுள்ள சின்னக் கெப்பாசிட்டர்கள் வழியாகத் துளித் துளியாகக் கொஞ்சம் கரண்ட் பாடிக்கு வரும். எர்த் வயர் இருந்தால் பேசாமல் அதில் இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் பாடியில் ஏறக்குறைய பாதி வோல்டேஜ் நிற்கும், தொட்டால் சுருக்கென்னும். கரண்ட் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் காயில் வயரின் வார்னிஷ் உரிந்து கசிந்தாலும் ஆரம்பத்தில் இதே சுருக்குதான். எது எது என்று தொட்டுப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. இரண்டிலும் ஒன்று மட்டும் நிச்சயம்: உன் மெஷினுக்கு எர்த் சரியாகக் கிடைக்கவில்லை.

மூன்று பின் பிளக்கில் மேலே உள்ள பின் மட்டும் ஏன் தடிமனாக, நீளமாக இருக்கிறது தெரியுமா? செருகும்போது எர்த்தான் முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியில் விட வேண்டும். எத்தனை வீட்டில் அந்தப் பின்னை உடைத்து எறிந்துவிட்டு இரண்டு துளையில் செருகியிருக்கிறார்கள் தெரியுமா! உன் பிளக்கையும் பார்.

நல்ல எலக்ட்ரீசியனாகக் கூப்பிடு. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பு வைத்துப் பார்க்கச் சொல். பளிச்சென்று எரிய வேண்டும், மினுங்கினால் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. கசிவுக்கு விழும் சுவிட்ச் போட்டிருந்தால் பல்பு எரிவதற்குள் அது விழுந்துவிடும், அதுவும் நல்ல சேதிதான். ஆனால் பல்பை மட்டும் நம்பாதே. சில பேர் வேலை மிச்சம் என்று பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். பல்பு ஜோராக எரியும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட்டும் மெஷின் பாடிக்கு வந்து நிற்கும். ஸ்விட்ச் போர்டை அவரைக் கழற்றச் சொல்லி, எர்த்துக்கான பச்சை வயர் தனியாகப் போகிறதா என்று உன் கண்ணால் பார். அந்த வயர் கடைசியில் இறங்கும் எர்த் குழி எங்கே என்று வீட்டுக்காரரிடமே கேள். கோடையில் அதில் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்றும் கேள். காய்ந்த மண் கரண்டை வாங்காது.

அப்புறம், கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் இருக்கிறதே என்பாய். அது வயரைக் காப்பாற்ற வந்தது, உன்னை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. உன் உடம்பில் போகும் கால் ஆம்பியரைச் சட்டையே செய்யாது. ஆர்.சி.சி.பி. என்று இருக்கிறது, அதை 30 மில்லி ஆம்பியரில் வாங்கிப் போடச் சொல். போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்குக் குறைந்தால், வேறு எங்கோ வழியில் இறங்குகிறது என்று புரிந்துகொண்டு கண்ணிமைப்பதற்குள் அறுத்துவிடும். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் காசு அப்பா அனுப்புவார், பிறகு வாடகையில் கழித்துக்கொள். அதுவரை பிளக்கை உருவி வைத்துவிட்டுக் கையால் துவை. கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

இனி குட்டிக்கு. அவன் வரைந்த படத்தை வாட்ஸப்பில் பார்த்தேன். பல்பு, ஃபேன், ஃப்ரிட்ஜ், டி.வி. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் பூப்போலக் கோர்த்திருக்கிறான். அது கோயில் திருவிழாவில் தொங்கும் சீரியல் செட்! 6 வோல்ட் பல்பு ஏறக்குறைய 40ஐ வரிசையாகக் கோர்த்தால் 230 வோல்ட்டை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று போனால் வழி அறுந்து மொத்தமும் இருண்டுவிடும். வீட்டில் அப்படி இருந்தால் ஃபேனை நிறுத்தும்போதெல்லாம் ஃப்ரிட்ஜும் நிற்குமே. வீட்டில் ஒவ்வொன்றும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் தனித்தனியாக நிற்கிறது, ஏணியில் படி மாதிரி. ஏணியாக மாற்றி வரையச் சொல்.

எங்கிருந்து வருகிறது என்றால், யாரோ எதையோ சுற்றுகிறார்கள், அதிலிருந்து வருகிறது. அந்த சைக்கிள் டைனமோவைத் திறந்தால் உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி ஒரு காயில், வேறொன்றும் இல்லை. காயிலுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் கரண்ட் பிறக்கும் என்று 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தார். காயிலில் கரண்டை விட்டால் சுற்றும், அது மோட்டார். சுற்றிவிட்டால் கரண்ட் வரும், அது ஜெனரேட்டர். நான் கட்டியது எல்லாம் மோட்டார் காயில்தான் என்றாலும், இரண்டும் ஒரே சாமானின் இரண்டு பக்கம் என்று எனக்குப் புரிய பத்து வருடம் ஆனது.

நீலகிரியில் பைக்காராத் தண்ணீர் 3,000 அடிக்கு மேல் கீழே விழுந்து சுற்றுகிறது, 1932இலிருந்து. அந்தக் கரண்ட் வந்த பிறகுதான் நம் ஊரில் மில்கள் புற்றீசல் போலப் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மோட்டார் செய்தார்கள். அதன் வால் பிடித்து வந்ததுதான் நம் பிழைப்பும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியில் சுற்றுகிறார்கள். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுவைப் பிளந்து என்னவோ பெரிதாகச் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கடைசியில் அங்கேயும் தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கிறார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் இப்போது போனால் காற்றாடி எல்லாம் பேய் மாதிரி சுற்றும். அம்மியைப் பறக்க வைக்கிற ஆடிக் காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேராக வந்து மோதுகிறது. சூரிய ஒளித் தகட்டில் மட்டும் எதுவும் சுற்றுவதில்லை, வெளிச்சமே சிலிக்கானில் எலக்ட்ரானைத் தள்ளிவிடுகிறது. அதில் காயிலே கிடையாது. எனக்கு அதன் மேல் அவ்வளவு ஒட்டுதல் இல்லை.

எனக்குப் பிடித்தது கடம்பாறை மின் நிலையம். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் மலைக்குள், பூமிக்கு அடியில் இருக்கிறது. 100 மெகாவாட் மெஷின் நான்கு. கரண்ட் தேவைப்படும் நேரத்தில் மேல் அணைத் தண்ணீர் இறங்கிச் சுற்றும், அப்போது அது ஜெனரேட்டர். கரண்ட் மிச்சமாகும் நேரத்தில் அதே மெஷின் மோட்டாராகித் தலைகீழாகச் சுற்றி, அதே தண்ணீரை மேலே ஏற்றிவிடும். கரண்டை மூட்டை கட்டி வைக்க முடியாது பார், அதனால் தண்ணீராக மலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். ஏற்றுவதற்குக் கொடுப்பதில் கொஞ்சம் நஷ்டப்பட்டுத்தான் திரும்பக் கிடைக்கும்.

குட்டியிடம் இன்னொன்று சொல். சைக்கிள் டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனக்கும். பல்பு வயரைப் பிடுங்கிவிட்டால் அந்தக் கனம் பெரும்பாலும் போய்விடும். நீ சுவிட்ச் போட்டால் எங்கோ ஜெனரேட்டரைச் சுற்றும் ஒரு டர்பைனுக்கு அதே மாதிரி கனக்கிறது. நெய்வேலி மாதிரி இடங்களில் அது நிமிடத்துக்கு 3,000 சுற்று, விநாடிக்கு 50. எல்லோரும் ஒரே நேரத்தில் கீசர் போட்டால் துளி தளர்ந்துபோகும், உடனே அங்கே ஆவியைக் கூட்டுவார்கள். ஒரு யூனிட் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 360 மீட்டருக்கு மேல் தூக்குகிற வேலை. நல்ல ஆள் 75 வாட் வேகத்தில் மிதித்தால் 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உன் 2,000 வாட் கீசர் அதை அரை மணியில் குடித்துவிடுகிறது. நீ குளிக்கப் போனால் வரும் நேரம் எனக்குத் தெரியும், இதற்கு மேல் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மாமா புனே வருகிறார். அவரிடம் முருங்கைக்காயும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன். பொடிக்கு அடியில், துணியில் சுற்றி, அப்பாவின் அந்தப் பழைய டைனமோவும் ஒரு பல்பும் இருக்கும். பச்சைப் பெயிண்ட் கிளாம்பில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுரண்டவில்லை. குட்டியின் சைக்கிளில் மாட்டும்போது முதலில் திருகை முறுக்காமல் விடு. ஏன் எரியவில்லை என்று அவனே கொஞ்ச நேரம் தேடட்டும். பல்பு 6 வோல்ட்தான். எரியவில்லையே என்று வீட்டுப் பிளக்கில் சொருகிவிடப் போகிறான், பக்கத்திலேயே இரு.

மெஷின் விஷயம் என்ன ஆயிற்று என்று புதன்கிழமைக்குள் போன் செய்.

அம்மா