கிளினிக் கார்டை அனுப்பிவிடு

கொட்டாஞ்சேனை,
வெள்ளி இரவு

அன்புள்ள மகன்,

போனில் நீ என்னைக் கதைக்க விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன். உன் பெண்சாதி இங்கேதான் இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதையும் சொல்கிறேன். புதன்கிழமை விடியப்புறம் வவுனியா பஸ்ஸில் புறக்கோட்டையில் வந்திறங்கி, ஓட்டோ பிடித்து வந்து கதவைத் தட்டினாள். ஆறு மாத வயிறு. கையில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் இரண்டு நைட்டி, கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமா பக்கெட் ஒன்று. வேறொன்றும் இல்லை.

நேற்று நீ சொன்னாய், "சும்மா ஒரு கை பட்டதம்மா, அவள் பெரிசாக்குகிறாள்" என்று. இந்தக் கொழும்புப் புழுக்கத்திலும் நீளக்கைச் சட்டையைக் கழற்றமாட்டேன் என்று நின்றாள். முழுகத் தண்ணீர் சுடவைத்துக் கொடுத்த பிறகுதான் கழற்றினாள். இடது புயத்தில் நாலு விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. விலாவில் இருந்தது கை பட்ட தடம் இல்லை, கால் பட்டது. நான் தைக்கிறவள் தம்பி, அளவு எனக்குத் தெரியும்.

போன மாதம் மருத்துவிச்சி ஸ்கூட்டியில் வந்து காயத்தைப் பற்றிக் கேட்டாவாம். கேட்டது விறாந்தையில். பக்கத்தில் உன் மாமி வெற்றிலை இடித்துக்கொண்டு இருந்தாவாம். "வரம்பில் தடுக்கி விழுந்திட்டாள்" என்று மாமியே முந்திப் பதில் சொல்லிவிட்டா. சுற்றியுள்ள நாலு வீடும் உன் ஆட்கள். காலையும் பின்னேரமும் ஓடுகிற ஒரே பஸ். அவள் யாரிடம் போவாள்? ஊரை மட்டும் குறை சொல்லவில்லை. இங்கே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு இருப்பவர்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியே கேட்டார். முதலில் எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் நானும் மாமியார்தானே, சரி என்று பட்டது. பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். ஆனால் வயிற்றில் விழுகிற அடியில் நச்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிடலாம், வெளியே இரத்தம் தெரியாமலேகூட உள்ளே கசியலாம், தாயும் பிள்ளையும் இரண்டுமே போகலாம் என்றார். குறைமாதப் பிறப்பும் நிறை குறைந்த பிள்ளையும் இப்படி வருவதுண்டாம்.

அங்கேயே நட்பு நிலையம் என்று, வீட்டில் அடிபடுகிற பெண்களுக்கு உதவுகிற ஓர் அறை இருக்கிறது, சிங்களத்தில் மிதுரு பியச. அதில் வேலை செய்கிற பெண்பிள்ளை, பெண்கள் உதவி கேட்டு எடுக்கிற 1938 என்ற நம்பரை எழுதிக் கொடுத்தது. 2019இல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, ஐந்தில் ஒருத்தி தன் துணையால் அடியோ பாலியல் வன்முறையோ பட்டிருந்தாளாம். 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். அவள் இருக்கிற வீட்டுப்பக்கம் நீ வரக்கூடாது என்று அதில் போடலாம், மீறினால் மறியலுக்கும் போகவேண்டி வரலாம். வழக்குக்குப் போவதா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. போனால் சாட்சிக்கு நான் வருவேன். பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்று உன் மாமி கேட்பா, கேட்கட்டும்.

உனக்கு முன் ஒன்று இருந்தது, கிணற்றடியில் வழுக்கிக் கலைந்துபோனது என்று சின்னதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். நான் வழுக்கவில்லை. அப்பா தள்ளினார். ஐந்து மாதம். கிணற்றுக்கட்டில் வயிறு இடித்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, பாசி பிடித்திருந்தது என்று நானே சொன்னேன். அவர் வாசலில் அழுதுகொண்டு நின்றார், எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் செத்து ஒன்பது வருடம் ஆகியும் பாசி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை அவள் "வரம்பில் விழுந்தேன் மாமி" என்று தொடங்கினாள். எனக்குக் கால் நடுங்கிவிட்டது.

நீ இப்போது இங்கே வராதே. குடிதான் காரணம் என்று சொல்லாதே, குடித்துவிட்டு நீ முதலாளியை அடித்ததில்லை. அவளுக்குப் போன் எடுக்காதே. கதைக்க நினைத்தால் அவளே எடுப்பாள்.

அவளுடைய கிளினிக் கார்டு சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிறதாம். பிரஷர், இரத்த வகை, ஊசி போட்ட திகதி எல்லாம் அதில்தான். ஒரு கவரில் போட்டு பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடு, புறக்கோட்டையில் நான் போய் வாங்குகிறேன். அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமைக்குள் வரவேண்டும்.

அம்மா