புதிய பேட்டரி போடுமுன் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, பேட்டரி நிற்பதில்லை என்பதுதான். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது, செல்ஃப் எடுப்பதில்லை என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், வேறு பேட்டரி போட்டுவிடலாம் என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. புதிய பேட்டரியும் சில வாரங்களில் இறங்கிவிடும்போது, அதன் தரம் சரியில்லை என்று பழி சுமத்துகிறார்கள். எஞ்சின் மின்பணியில் நீண்டகாலமாக இருப்பவன் என்ற முறையில், அளந்து பார்க்காமலே பேட்டரியை மாற்றும் இந்த வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அதனால்தான் தங்கள் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மின் அளவுகளைக் காட்டும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும், பழுது எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். வண்டியைச் சில மணி நேரம் ஓட்டாமல் விட்டு, பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது சற்று அதிகம் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு. 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் அது காலியாகும் நிலையில் இருக்கிறது. முழுவதும் சார்ஜ் ஏற்றிய பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் மட்டுமே பேட்டரியைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

அடுத்துச் செய்ய வேண்டிய அளவீட்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரை முழு வேகத்துக்குத் தள்ளிய நிலையில், அதே முனைகளில் மீண்டும் அளக்க வேண்டும். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை ஏறினால் சார்ஜ் ஆகிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போதும் 12 வோல்ட்டை ஒட்டியே நின்றால் எத்தனை புதிய பேட்டரி போட்டாலும் ஓட்டைப் பானையில் நீர் நிரப்பிய கதையாகத்தான் முடியும். மாறாக 15 வோல்ட்டைத் தாண்டினால், சார்ஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பேட்டரிக்குள் இருக்கும் நீர் வற்றி, தகடுகள் வெளியே தெரியத் தொடங்கிவிடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அளந்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது, ஏனெனில் குறைந்த வேகத்தில் சார்ஜ் உற்பத்தியும் குறைவாகவே இருக்கும்.

இந்த எஞ்சின்களில் சார்ஜ் உற்பத்தியாகும் விதம் எளியது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் உட்புறத்தில் காந்தங்கள் இருக்கின்றன. அவை சுழலும்போது அடியில் அசையாமல் பொருத்தப்பட்ட கம்பிச்சுருளான ஸ்டேட்டர் காயிலில் மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. அதை நேர்திசையாக்கி அளவோடு பேட்டரிக்கு அனுப்புவது ரெகுலேட்டர். காயிலிலிருந்து வரும் இணைப்பைக் கழற்றி, மீட்டரை ஏ.சி. நிலையில் வைத்து அளந்தால், கையேட்டில் குறிப்பிட்ட வோல்ட் வருகிறதா என்பது தெரிந்துவிடும். அங்கே சரியாக வந்து பேட்டரிக்கு வராவிட்டால் ரெகுலேட்டர் மீது சந்தேகம் கொள்ளலாம். ஆனால் அதை மாற்றுமுன் அதன் போல்ட்டுகளைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பல வண்டிகளில் ரெகுலேட்டருக்கு எர்த் (வண்டியின் உலோகச் சட்டத்தோடு மின் இணைப்பு) கிடைப்பதே அதன் உலோக உடல் வழியாகத்தான். போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்திருந்தாலோ, யாராவது வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அந்த இடத்திலும் பூசியிருந்தாலோ, நல்ல ரெகுலேட்டரும் வேலை செய்யாது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கிய மாத்திரத்தில் வோல்ட் 14-ஐத் தொடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப்போயிருப்பதும், எர்த் கேபிளின் மறுமுனை வண்டியின் சட்டமான சேசிஸில் லூசாக இருப்பதும் இதே வகைப் பழுதுகள்தான்.

சார்ஜ் நன்றாக ஏறியும், நிறுத்தி வைத்த சில நாட்களில் பேட்டரி இறங்கினால், மின்சாரம் எங்கோ கசிகிறது. சாவியை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். அந்நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியர் கசிவு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அது ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு) அளவைத் தின்றுவிடும். 24 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரி 20 நாளில் காலியாகிவிடும். ஃபியூஸ்களையும் ரெகுலேட்டர் இணைப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது மீட்டர் இறங்குகிறதோ அந்த இணைப்பில்தான் பழுது இருக்கும்.

பேட்டரிக்குத் தொடர்பே இல்லாத ஒரு காரணமும் உண்டு, அதை அறிந்தவர்கள் குறைவு. ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில், ஸ்டார்ட் ஆகும் வேளையில் அழுத்தத்தைக் குறைக்க வால்வைச் சற்றே திறந்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி கூடிப்போனால் அந்த ஏற்பாடு வேலை செய்யாது. ஸ்டார்ட்டர் மோட்டார் அரைச்சுற்றில் திணறி நிற்கும். பார்ப்பவர்களுக்கு அது பேட்டரி வீக் ஆனதுபோலவே தோன்றும். புதிய பேட்டரியின் முழுபலத்தில் எஞ்சின் எப்படியோ எடுத்துவிடுவதால் பழுது சிறிது காலம் மறைந்து நின்று, பிறகு முன்னைவிட மோசமாக வெளிப்படும்.

மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈய-அமில பேட்டரி சும்மா இருந்தாலும் மெல்ல இறங்கும். வெப்பத்தில் இன்னும் விரைவாக இறங்கும். அப்படி இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, பின்னர் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. நிறைந்ததும் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் சிறிய சார்ஜரில் போட்டு வைப்பதே நல்லது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், ஆகவே காற்றோட்டமுள்ள இடமாக இருக்க வேண்டும். அருகில் தீப்பொறி கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் வர வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். ரெகுலேட்டர் அதிலேயே எரிந்துபோகக்கூடும்.

பேட்டரியை மாற்றும் ஒவ்வொரு பட்டறையும், மாற்றுமுன் இருந்த வோல்ட்டையும், மாற்றிய பின் முழு வேகத்தில் வந்த சார்ஜிங் வோல்ட்டையும் ரசீதிலேயே எழுதித் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. இரண்டு அளவுகளையும் எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. வாடிக்கையாளர்களும் அந்த இரு எண்களைக் கேட்டுப் பெற்ற பிறகே பணம் கொடுக்கலாம். வண்டி தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்கு, சரியான சார்ஜிங் வோல்ட்டை இருக்கைக்கு அடியிலேயே, பேட்டரி கண்ணில் படும் இடத்தில் ஒரு ஸ்டிக்கராக ஒட்டி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
எஞ்சின் மின்பணியாளர் ஒருவர்