1795 முற்றுகையை நடத்திக் காட்ட விரும்புவோருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலைப் பாடசாலைகளின் வரலாற்று மன்றங்களுக்கும் இளைஞர் கழகங்களுக்கும்,

வணக்கம். கோட்டை முற்றுகை என்றதும் எல்லோருக்கும் வெடியும் கைகலப்பும்தான் நினைவுக்கு வரும். அவற்றை விட்டுவிட்டு, சுமை தூக்கி நடந்து வெளியில் தங்கும் மூன்று நாள் படைநடையாக இதைச் செய்யுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

1795 ஆகஸ்ட் 3 ஆம் திகதி கேணல் ஸ்டுவர்ட்டின் ஆங்கிலேயப் படை ஒல்லாந்தர் வசமிருந்த திருகோணமலைக் கோட்டைக்கு வடக்கே சுமார் 4 மைல் தள்ளிக் கரையிறங்கியது. எதிர்ப்பே இல்லை. ஆனாலும் காற்றும் அலையும் விடாததால் போர்த் தளபாடங்களை இறக்கி முடிக்கவே 10 நாள் பிடித்தது. கரையிறங்குவதற்கு முந்திய நாள்தான் டயோமீட் என்ற அவர்களுடைய போர்க்கப்பல் கடலடிப் பாறையில் மோதி மூழ்கியிருந்தது. 18 ஆம் திகதி முற்றுகைப் பள்ளங்களுக்கு மண் வெட்டத் தொடங்கி, 23 இல் பீரங்கி முழங்கி, 26 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கையளித்தார்கள். குண்டு பொழிந்தது கடைசி நான்கு நாள் மட்டுமே. அதற்கு முந்தியதெல்லாம் சுமையும் மணலும். அந்தப் படையில் சென்னைச் சிப்பாய்ப் பட்டாளங்களும் இருந்தன என்பதை ஆட்களுக்கு வேடம் பிரிக்கும்போது மறக்காதீர்கள்.

தூரத்தை அப்படியே எடுத்தால் புறப்படும் இடம் உப்புவெளிக்கும் சாம்பல்தீவுக்கும் இடைப்பட்ட கரையில் வரும். ஆகஸ்டில் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும், மணல் கொதிக்கும். விடியற்காலையில் புறப்பட்டு 9 மணிக்குள் நிழலுக்குப் போய்விடுங்கள். மீண்டும் 4 மணிக்குப் பிறகே நடை. கம்பளிச் சிவப்புச் சட்டை வேண்டாம், தடித்த பருத்தி போதும். ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க 5 லீற்றர், சமையலுக்கு 2 லீற்றர். 40 பேர் என்றால் 280 லீற்றர், அதாவது 20 லீற்றர் கான் பதினான்கு. ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) பைக்கற்றுகள் தனியாக இருக்கட்டும். வியர்வை நின்றாலோ பேச்சுக் குழறினாலோ அந்த ஆளை உடனே நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறி, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நடக்க வைத்துப் பார்க்காதீர்கள்.

பீரங்கி இழுப்புத்தான் இந்த நிகழ்வின் உயிர். உண்மையான முற்றுகைப் பீரங்கி இரண்டு தொன் அளவில் இருக்கும். நமக்கு 300 கிலோ பனங்குற்றி ஒன்று போதும். சில்லு வைத்தால் மணலில் புதையும். ஆகையால் சறுக்குக் கட்டையில் ஏற்றி, 8 அடிப் பலகைகளை முன்னால் போட்டு, கடந்த பலகையை எடுத்து மறுபடி முன்னால் போட வேண்டும். பலகை மாற்ற நான்கு பேர், தும்புக் கயிற்றில் இருபக்கமும் பத்துப் பத்துப் பேர். ஆபத்து வருவது நின்று மீண்டும் இழுக்கும் கணத்தில்: ஒரு பக்கம் முந்தினால் குற்றி புரளும். பறை அடிக்கு எல்லோரும் சேர்ந்து எட்டு வைத்தால் அது நடக்காது. குற்றி நகரும்போது பலகைக்காரர் உட்பட யாரும் அதற்கு நேர் முன்னால் நிற்கக் கூடாது. கயிறு அறுந்தால் சவுக்காக வீசும், பார்வையாளரைப் பக்கவாட்டில் தூரமாக வையுங்கள். கயிற்றை வாடகைக்கு எடுக்காமல் புதிதாகவே வாங்குங்கள்.

மண் வெட்டவே வேண்டாம். போர் நடந்த மாவட்டம் இது, மண்ணுக்குள் வெடிபொருள் கிடக்கலாம். கரையில் ஆமை முட்டைகளும் இருக்கலாம். மூன்றடி உயர மூங்கில் கூடைகளை அடுக்கி, மணல் நிரப்பி அரண் கட்டுங்கள். அன்று மாலையே மணலை எடுத்த இடத்தில் கொட்டிவிடுங்கள்.

துப்பாக்கி முழுவதும் மரமாக இருக்கட்டும், நீளம் நாலரை அடி. இரும்புக் குழாய் வைத்தால் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லியே பொழுது போகும். வீதியில் போகும்போது சாக்கில் சுற்றிக் கொண்டுபோங்கள். வெடிமருந்து, பட்டாசு எதுவும் வேண்டாம்: விடியற்காலையில் சீருடை அணிவகுப்பையும் வெடிச் சத்தத்தையும் கண்டு கேட்டு நடுங்கியவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வழியிலுள்ள வீடுகளுக்கு ஒரு கிழமைக்கு முன்பே துண்டுப் பிரசுரம் கொடுங்கள். பொலிஸ், பிரதேச செயலகம், கரையோரப் பாதுகாப்பு, தொல்பொருள் ஆகிய நான்கு இடத்துக்கும் ஒரே பாதை வரைபடத்தோடு கடிதம் போகட்டும்.

கரைவலைச் சம்மாட்டிமாரிடம் (வலைச் சொந்தக்காரரிடம்) நேரில் போய்க் கேளுங்கள். விடியலில் அவர்களுடைய கம்பா, அதாவது வலை இழுக்கும் கயிறு, கடலுக்குள் நீண்டு கிடக்கும். அதை மிதிக்கவோ தாண்டவோ கூடாது, வலை ஏறும் வரை நின்று போக வேண்டும். அந்த நேரத்தை அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள்.

முடிவிடம் கோட்டையின் வெளி வாசலுக்கு இப்பால் இருக்கட்டும். உள்ளே இராணுவமும் மான்களும் இருக்கின்றன, கோணேசர் கோயிலுக்குப் போவோருக்கும் அதுதான் வழி. வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். ஒல்லாந்தரின் மற்றக் கோட்டையான ஒஸ்டன்பேர்க் 31 ஆம் திகதிதான் விழுந்தது. அது கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் அந்தக் கட்டத்தை முதல் முறை விட்டுவிடலாம்.