வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தது: ஒரு நன்றி மடல்

மதுரை

அன்புடையீர், வணக்கம்.

2021 அக்டோபரில், அண்ணா நகர்ப் பக்கம் பழைய அடுக்ககம் ஒன்றில் இரண்டு அறை வீடு வாங்குவதற்காக நாங்கள் எடுத்த 10 லட்சம் ரூபாய் வங்கிக் கடன், 2026 பிப்ரவரியில் முழுவதுமாக அடைந்தது. இருபது ஆண்டுக் கடன் நாலரை ஆண்டுக்குள் முடிந்ததை அறிந்து பலரும் எங்களைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்பதை எழுதி வைப்பது எங்கள் கடமை என்று கருதுகிறேன். அவர்களுள் ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்; அவருடைய முகவரி எங்களிடம் இல்லாததால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

வங்கியின் கடன் பிரிவில் அப்போது பணியாற்றிய அந்த அம்மையாருக்கே முதல் நன்றி. கடன் வாங்கியபோது வட்டி 6.90 சதவீதம், மாதத் தவணை 7,693 ரூபாய். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியாகிய ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதத்துக்கு உயர்த்தியபோது, எங்கள் வட்டியும் கூடவே ஏறி 9.40 சதவீதத்தைத் தொட்டது. தவணைத் தொகை மட்டும் மாறாமல் இருந்ததால், எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்றே நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்; கடன் காலம் நீண்டுகொண்டே போவதை எங்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. 2023 ஏப்ரலில் வேறு வேலையாகக் கிளைக்குப் போயிருந்த என்னை உட்காரவைத்து, கணக்கு அறிக்கையை அச்செடுத்து, கடைசி வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக் காட்டியவர் அவர்தான். வட்டிக்கு 7,661 ரூபாய், அசலுக்கு 32 ரூபாய் என்றிருந்தது. மாதம் முழுக்க உழைத்துக் கட்டிய தவணையில் வீட்டுக்காகக் கழிந்தது 32 ரூபாய்தான் என்று கண்ட அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தவணையை 12,000 ரூபாயாக உயர்த்திக்கொள்ளவும், மாறும் வட்டிக் கடன் என்பதால் அபராதமின்றி எப்போது வேண்டுமானாலும் கூடுதல் பணம் கட்டலாம் என்றும், ஒவ்வொரு முறை கட்டும்போதும் ‘தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்’ என்று கடிதம் கொடுத்துவிடவும் அவர் சொல்லித் தந்தார்.

உயர்த்திய தவணைக்கு மேல் மாதம் 6,000 ரூபாய் ஒதுக்குவதற்கு வழி தேடியபோதுதான் அடுப்படியின் பக்கம் திரும்பினோம். 1999இல் தமிழகத்தின் முதல் உழவர் சந்தையாகத் தொடங்கப்பட்ட அண்ணா நகர் உழவர் சந்தையில் கீரை விற்கும் அக்காவுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் கொஞ்சமல்ல. கையில் பட்டியலோடு போய் நின்ற என்னிடம், “பட்டியல மடிச்சு வைங்கம்மா, எது குமிஞ்சு கிடக்கோ அத வாங்குங்க” என்றார். அதன்பின் மார்கழியிலும் தையிலும் பச்சை மொச்சையும் அவரையும், பங்குனி தொடங்கி முருங்கைக்காயும் என்று எங்கள் சமையல் மாதத்தோடு நடக்கத் தொடங்கியது. கார்த்திகையில் முருங்கை விலை ஏறிக் கிடக்கும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, புளிச்சக்கீரையை வதக்கிப் பருப்பில் போடச் சொன்னவரும் அவரே. அந்த மாதம் முழுவதும் தக்காளி இல்லாமல் சமைத்தோம். எங்கள் வீட்டில் புளிச்சக்கீரைப் பருப்பு இன்றும் தொடர்கிறது.

மாடி வீட்டு அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மாசி பிறந்ததும் எங்களை எழுப்பி, ரேஷன் அரிசியை ஊறவைத்து அரைத்து, பச்சை மிளகாயும் சீரகமும் பெருங்காயமும் சேர்த்துக் கூழ் காய்ச்சி, வெயில் ஏறுவதற்கு முன் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து முறுக்கு அச்சில் பிழியக் கற்றுக்கொடுத்தார். காய்ந்த வற்றலைத் துணியிலிருந்து பிய்க்க முயன்று நான் பாதியை நொறுக்கிக்கொண்டிருந்தபோது, வேட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்புறத்தில் தண்ணீர் தெளித்தார். ஒரு நிமிடத்தில் வற்றல் தானாகக் கழன்று வந்தது. சித்திரைக் காற்றில் உதிர்ந்த மாங்காய்களைக்கூட அவர் விடுவதில்லை. அரிந்து உப்பிட்டுக் காயவைத்த அந்த மாங்காய் வற்றல்தான் தக்காளி இல்லாத நாட்களில் எங்கள் சாம்பாருக்குப் புளிப்பு கொடுத்தது. ஓராண்டுப் புளியைப் பங்குனியிலேயே வாங்கும்படி சொன்னதோடு, கொட்டையை எடுத்துவிட்டு வைக்கும்படியும் அவர் சொல்லியிருந்தார். சோம்பலில் நான் கேட்கவில்லை. வண்டு விழுந்து நான்கு கிலோ வீணாயிற்று. மறு ஆண்டு அவரே வந்து அமர்ந்து, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, கல் உப்பு தூவி மண் பானையில் அடைத்துக் கொடுத்தார். ஒரு சொல் குத்திப் பேசவில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சமையலில் மிச்சம் பிடித்தே வீட்டுக் கடனை அடைத்தோம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். காய்கறியிலும் மளிகையிலும் எங்களுக்கு மிஞ்சியது மாதம் 2,000 ரூபாய்க்குள்தான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலை நிறுத்தியது, நான் ஸ்கூட்டரை விற்றுவிட்டுக் கட்டணமில்லா நகரப் பேருந்தில் வேலைக்குப் போனது ஆகியவை சேர்ந்தே 6,000 தேறியது. அதுவும் போதாது. ஊரிலிருந்த பூர்வீக நிலத்தில் எங்கள் பங்கைத் தாமே எடுத்துக்கொண்டு, 4 லட்சம் ரூபாயை இழுத்தடிக்காமல் ஒரே தவணையில் கொடுத்த என் கணவரின் அண்ணனுக்கும், ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டில் தமது முறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்த என் அலுவலகத் தோழிக்கும் தலைவணங்குகிறோம். மதிய டப்பாவில் வாரம் மூன்று நாள் மொச்சையைக் கண்டும் முகம் சுளிக்காத எங்கள் மகனுக்கும் நன்றி. முகம் சுளித்தாலும் மிச்சம் வைக்காத மகளுக்கும் நன்றி.

கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருப்பதால், எங்கள் பத்திரம் பன்னிரண்டாம் நாளே கைக்கு வந்தது. அத்துடன் நிறுத்திவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் தீர்ந்தது என்பதற்கான ரசீதுப் பத்திரத்தைப் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பார்க்கும்வரை உடன் அலைந்த கீழ் வீட்டு ஐயாவுக்கும் எங்கள் நன்றி.

மாடி வீட்டு அம்மாவுக்கு ஒரு செய்தி: சென்ற மாதம் மோர்க்குழம்பு கொடுத்தனுப்பிய உங்கள் தூக்குவாளி எங்களிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தர மனமில்லை. இந்த ஆண்டு வற்றலை நானே பிழிந்திருக்கிறேன், ஒன்றுகூட நொறுங்கவில்லை. நன்றாகக் காய்ந்ததும் நிரப்பிக்கொண்டு மேலே வருகிறேன்.

நன்றியுடன்,
முதல் மாடி வீட்டுக் குடும்பத்தார்