அடுக்களைக் கழிவும் ஆனேக்கல் நிலமும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பெங்களூருவை அடுத்த ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் பொங்கல் விழாவும் கன்னட வகுப்பும் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த அறிக்கை முழுக்க எருவைப் பற்றியதே.

பெங்களூரு அல்சூர் குடியிருப்புகளின் ஈரக் குப்பையை மட்கவைத்து ராகி நிலங்களுக்கு அனுப்பும் பணியில், எத்தனை வண்டி போயிற்று என்பதை நிர்வாகக்குழு இவ்வாண்டு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போட்ட இடத்தில் பயிர் வெளுக்கிறதா என்பதைத்தான் பார்த்தோம். சருகு மிகுந்து பாதி மக்கிய எருவை நிலத்தில் போட்டால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும். இளம் ராகி மஞ்சளடிக்கும். சும்மா கொடுத்த எருவுக்காக விவசாயி யூரியா வாங்கும்படி ஆனால் அது உதவியல்ல, உபத்திரவம்.

எனவே எரு வெளியே போகுமுன் இரண்டு சோதனைகள் கட்டாயம். ஈர எருவைப் பையில் காற்றுப்புகாமல் கட்டி மூன்று நாள் கழித்துப் பிரித்தால் மண்வாசம் வர வேண்டும். புளிப்பு நாற்றமோ அம்மோனியா நெடியோ அடித்தால் பக்குவம் போதாது. அடுத்து, எருவிலும் சாதா மண்ணிலும் கடுகு தூவி ஒப்பிட வேண்டும். எருவில் முளைப்பு குறைந்தால் குவியல் இன்னும் சில வாரம் கிடக்கட்டும்.

குவியலுக்கு ஒரு பக்கெட் காய்கறிக் கழிவென்றால் இரண்டு, மூன்று பக்கெட் சருகு. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறைந்தால் சூடு நிற்காது. உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாள் நின்றால்தான் களைவிதையும் நோய்க்கிருமியும் சாகும். 65-ஐத் தாண்டினால் நல்ல நுண்ணுயிர்களும் மடியும், உடனே புரட்ட வேண்டும். கலவையைக் கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரலாம், ஒழுகக் கூடாது. அக்டோபர் மழையில் மூடாத குவியல்கள் காற்றோட்டம் இழந்து நாறின. சருகு கலந்து கிளறியதும் தேறின. தார்ப்பாயைக் குவியல்மேல் படியவிடாமல் கம்பு நட்டுத் தூக்கிக் கட்டுங்கள்.

சருகுதான் தலைவலி. உதிர்வது கோடைக்கு முன், தேவைப்படுவது மழைக்காலத்தில். தெருக்கூட்டும் பணியாளர்கள் கொளுத்தாமல் மூட்டை கட்டித் தந்ததால்தான் சமாளித்தோம், பாராட்டு அவர்களுக்கே. தூங்குமூஞ்சி இலை விரைவில் மக்கும். மாவிலையும் மூங்கிலிலையும் இழுத்தடிக்கும், நொறுக்கித்தான் போட வேண்டும்.

வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: மீந்த ஊறுகாயும் குழம்பும் வேண்டாம், உப்பு எருவில் தங்கிவிடும். பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்தெடுத்துவிட்டுத் தோலைப் போடுங்கள். அது மக்காது, சல்லடைக்கும் தப்பும்.

மானாவாரி ராகிக்கு ஏக்கருக்குச் சுமார் 3 டன் எரு, விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு. எல்லா நிலத்துக்கும் இதே அளவு என்றில்லை, எதை எவ்வளவு போடுவதென்று மண் பரிசோதனைதான் சொல்லும். மாதிரி எடுக்க இளைஞர் அணி உதவியது. ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் மேல்குப்பையை ஒதுக்கி, ஆறு அங்குல ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, ஓரத்திலிருந்து சீராகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கி நிழலில் உலர்த்தலாம். வரப்போரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம் எடுத்தால் முடிவு பொய் சொல்லும். துத்தநாகம், இரும்பு பார்க்க வேண்டுமானால் துருப்பிடித்த மண்வெட்டி ஆகாது.

எருவால் மட்டும் நிலம் தாங்காது. ராகிக்கிடையே அவரை, துவரை, ஆமணக்கு, கடுகு என்று விதைக்கும் இப்பகுதியின் 'அக்கடி சாலு' முறையைப் பல நிலங்களில் கைவிட்டிருந்தார்கள். எட்டு வரிசை ராகிக்கு இரண்டு வரிசை துவரை போட்டால், மழை இடைவெளி விட்டாலும் ஆழவேர் துவரை தாக்குப்பிடித்து விளைச்சல் கொடுக்கும். உதிரும் இலை மண்ணுக்கு. மூத்த விவசாயிகளே விதைப்பைச் செய்துகாட்டினார்கள், நகரத்தார் கற்றுக்கொண்டார்கள்.

நகர ஏரிகளில் அள்ளும் வண்டலை நிலத்துக்கு அனுப்பலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்த ஏரி மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும். ஆய்வு முடிவு இல்லாமல் ஒரு கூடைகூடப் போகாது.

வரும் ஆண்டுக்குச் சருகு சேமிக்க மழை படாத கொட்டகை ஒன்றும், குவியலில் செருகும் நீண்ட வெப்பமானிகளும் தேவை. இவ்விரு செலவுகளுடன் இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்