நூறு பர்தோன்: பாரிஸ் மெற்றோவைத் தீர்மானிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அம்மணி, ஐயா,

உங்களில் யாருடைய பெயரைப் போட்டு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள், அங்கே போனால் பழையபடி முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். ஆகவே பாரிஸ் மெற்றோவில் எங்கே என்ன கட்டுவது என்று தீர்மானிக்கிற மேசை எதுவோ, அதைச் சுற்றிக் கதிரை போட்டு இருக்கிற எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் குறை நினைக்க வேண்டாம். பிரெஞ்சில் ஏற்கெனவே எழுதிப் பதிலும் வாங்கியாகிவிட்டது. அந்தப் பதிலை வாசித்த பிறகுதான், இதை எங்கள் ஆட்களும் வாசிக்கட்டும் என்று தோன்றியது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வடகிழக்குப் பக்கத்து மெற்றோ நிலையங்களுக்கு, முக்கியமாக வண்டி மாறுகிற நிலையங்களுக்கு, லிப்ற் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

அம்மாவுக்கு 72 வயது. வலது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து ஏழு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை என்றால், பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லாச்சப்பலுக்குப் போகவேண்டும் அவருக்கு. பஜோல் வீதியில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, முருங்கைக்காய், கீரை என்று இரண்டு பை மரக்கறி வாங்கி, கடை வாசலில் ஊர்க்காரர் யாரையாவது கண்டு கால்மணி நேரம் கதைத்துவிட்டு வந்தால் அந்தக் கிழமை அவருக்குத் திருப்தி. நாங்கள் இருப்பது பாரிஸுக்கு வெளியே, லாகூர்நெவ் என்ற புறநகரில். வழக்கமாக, லிப்ற் இருக்கிற புறநகர் ரெயிலில் போய் வருவோம். அன்றைக்கு அந்த லிப்றின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, பழுது என்று. எப்போது திருந்தும் என்பதற்குத் திகதி எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது. சரி, என்ன செய்வது என்று 7ஆம் இலக்க மெற்றோவைப் பிடித்தோம்.

லாச்சப்பல் போக 7இலிருந்து 2க்கு மாறுகிற ஸ்தாலின்கிராட் நிலையம் எப்படிப்பட்டது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 7ஆம் இலக்கம் நிலத்துக்கு அடியில் ஓடுகிறது. 2ஆம் இலக்கம் வீதிக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடுகிறது. பாதாளத்தில் இறங்கியவரை ஆகாயத்தில் ஏற்றுகிற நிலையம் அது. பாதி ஏறியபோது அம்மாவின் கால் மடங்க மறுத்துவிட்டது. படியிலேயே இருந்துவிட்டார்.

அம்மாவுக்குப் பிரெஞ்சில் நாலைந்து சொல்தான் தெரியும். அதில் ஒன்று பர்தோன், மன்னியுங்கள் என்று அர்த்தம். சுவரோரமாக ஒதுங்கித்தான் இருந்தார், ஆனாலும் தான் வழியை மறிப்பதாக அவருக்கு எண்ணம், ஏறி வருகிற ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து பர்தோன், பர்தோன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வண்டி வந்தால் நூறு பேர் வருவார்கள், நூறு பர்தோன். அடுத்த வண்டி, இன்னொரு நூறு. சிலர் நின்று விசாரித்தார்கள். ஓர் ஆபிரிக்கப் பெடியன் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினான், அவனுக்கும் மெர்சி சொல்ல மறந்து பர்தோன்தான் சொன்னார். பையில் இருந்த தேங்காயை, அர்ச்சனைக்குக் கொண்டுவந்தது, மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார். நாற்பது நிமிடம். நான் கீழே ஓடிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரிடம் சொன்னேன். நல்ல மனுசன், கூடவே வந்து பார்த்தார், கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார், பிறகு அடுத்த முறை பஸ்ஸில் வாருங்கள் என்றார். அவரிடம் எனக்குக் கோபமில்லை, லிப்ற் கட்டுவது அவருடைய வேலை இல்லை.

அந்தப் பர்தோன்களை நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அவ்வளவையும் உங்கள் முகவரிக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன், ஏனென்றால் அவை உங்களிடமிருந்து வந்திருக்க வேண்டியவை.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். மூன்று பந்தி. முதற் பந்தியில் வருத்தம். இரண்டாவதில் சட்டம். மூன்றாவதில் வரலாறு.

சட்டத்தை நானும் வாசித்தேன். பொதுப் போக்குவரத்து முழுவதும் பத்து வருடத்துக்குள் எல்லோரும் ஏறக்கூடியதாக மாறவேண்டும் என்று 2005 பெப்ரவரி 11ஆம் திகதிச் சட்டம் சொல்கிறது. அப்புறம் அதே சட்டம், ஏற்கெனவே ஓடுகிற சுரங்க ரெயில்களுக்கு இந்தத் தவணை இல்லை, மாற்று வண்டி ஒழுங்கு செய்தால் போதும் என்றும் சொல்கிறது. பந்தியில் இலை போட்டு, உட்காருகிற நேரம் உனக்கு வேறு இடத்தில் சாப்பாடு என்று எழுப்பிவிடுவது போல. அந்த வேறு இடம்தான் பஸ். இரண்டு பஸ் மாறி, நெரிசலில் நின்று, லாச்சப்பல் போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம். மாதச் சீட்டின் விலை மட்டும் படி ஏறுகிறவருக்கும் ஏற முடியாதவருக்கும் ஒன்றுதான்.

வரலாற்றில்தான் எனக்கு உங்களோடு கொஞ்சம் வழக்கு இருக்கிறது. நான் சமையல்காரன். மத்தியானச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும்வரை மூன்று மணி நேரம் சும்மா இருக்கும், வீட்டுக்குப் போய்வர அது காணாது, குளிருக்கு ஒதுங்க ஒரு நூலகத்தில் போய் இருப்பேன். அப்படியே பல வருடமாக இந்த நகரத்தைப் பற்றி வாசித்திருக்கிறேன். மெற்றோ நூறு வருடத்துக்கு மேல் பழையது, அதன் அமைப்பில் கைவைப்பது கடினம் என்று எழுதியிருக்கிறீர்கள். பழையதில் கைவைக்காத நகரமா இது?

ஓஸ்மான் 1853இலிருந்து 1870 வரை இங்கே அதிகாரியாக இருந்தார். சித்தே தீவு என்ற, பாரிஸ் பிறந்த இடத்தை, நோத்ர தாம் கோவிலையும் ஒருசில கட்டடங்களையும் விட்டு ஏறத்தாழ முழுவதுமாக இடித்தார். அங்கே வாழ்ந்த ஏழைகள் வாடகை கட்ட முடியாமல் வடக்கிலும் கிழக்கிலும் நகர எல்லைக்குப் போனார்கள். இன்றைக்கு நாங்கள் சாமான் வாங்குகிற லாச்சப்பல் 1860வரை பாரிஸே இல்லை, அது தனி ஊர். பாரிஸ் அதை விழுங்கியது, பெல்வில், மொன்மார்த்தர், லா வில்லெத் என்று சுற்றியிருந்த ஊர்களையும் சேர்த்து விழுங்கி, 12 வட்டாரமாக இருந்தது 20 ஆனது. மனிதர்களை, தெருக்களை, முழு ஊர்களை அசைக்க முடிந்த நகரத்துக்கு ஒரு படிக்கட்டின் பக்கத்தில் இரண்டு மீற்றர் இடம் எடுப்பது கடினமாம்.

2ஆம் இலக்க மெற்றோவின் கதையும் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அது ஓடுகிற கோடு ஒரு மதிலின் கோடு. நகரத்துக்குள் வருகிற சாமான்களுக்கு வரி எடுக்க 1780களில் கட்டிய மதில் அது. சனத்துக்கு அதில் எவ்வளவு வெறுப்பு என்றால், 1789இல் பஸ்தீல் சிறைக்கோட்டை விழுவதற்குச் சில நாள் முன்பே அதன் வாசல்களைக் கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். தப்பியவற்றில் ஒன்றுதான், லெது என்ற கட்டடக்கலைஞர் கட்டிய வட்டமான மண்டபம், 2ஆம் இலக்க வண்டியின் யன்னலால் இன்றைக்கும் தெரிகிறது. மதில் போனது, மதில் நின்ற இடத்தில் அகலமான வீதி வந்தது, 1903இல் அதன் வழியே மெற்றோ வந்தது. வடக்கு, கிழக்கு நிலையங்களின் தண்டவாளங்களும் கால்வாயும் குறுக்கே கிடந்ததால் எங்கள் பக்கத்தில் மட்டும் அதைத் தூக்கித் தூண்மேல் வைத்தார்கள். ஆக, வரி வாங்கிய மதிலைக் கடக்கிற இடத்தில்தான் இப்போதும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வரியாக முழங்கால் கேட்கிறீர்கள்.

இன்னொன்று. மெற்றோவை 1900இல் திறந்தபோது, பெரிய ரெயில் கொம்பனிகளின் வண்டி உள்ளே வராதபடி சுரங்கத்தை வேண்டுமென்றே ஒடுக்கமாக வெட்டினார்கள், அது மாநகரத்தின் சொந்த ரெயில் என்று. நகர எல்லையைத் தாண்டி முதன்முதல் வெளியே வந்தது 1934இல், அதுவும் மேற்குப் பக்கம். எங்கள் லாகூர்நெவ்வுக்கு வந்தது 1987இல். அதற்கிடையில், 1960களில், பாரிஸ் தன்னிடம் இடமில்லை என்று தன் குடியிருப்பு அலுவலகத்தின் மூலம் லாகூர்நெவ்வில் நாலாயிரம் வீட்டுத் தொகுதியைக் கட்டி ஏழைகளை அங்கே குடியேற்றியது. ஆட்களை முதலில் அனுப்பிவிட்டார்கள், மெற்றோ ஒரு தலைமுறை கழித்துப் பின்னால் வந்தது. நடுவில் 35 கிலோமீற்றருக்குச் சுற்றுப்பெருவீதி, 1973இல் முழுமையானது, பழைய கோட்டை மதில் நின்ற வெளியை ஒட்டியே. மதிலை இடித்தால் மதிலே வரும் போலிருக்கிறது இந்த ஊரில். சரி, இது லிப்ற் கதை இல்லை, கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மெற்றோவில் கைவைக்க முடியாது என்பதற்கு வருவோம். மெற்றோவின் முதல் நகரும் படியை 1909இலேயே பேர் லஷேஸ் நிலையத்தில் வைத்தார்கள், பெரிய கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில். போகிற காலத்திலாவது ஏறச் சுலபமாக இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. சுற்றுலாக்காரர் மொன்மார்த்தருக்கு இறங்குகிற அபெஸ் நிலையம் 36 மீற்றர் ஆழம், அங்கே லிப்ற் ஓடுகிறது. எல்லாவற்றிலும் பழைய 1ஆம் இலக்கத்தை, சனம் போய்வந்துகொண்டிருக்கும்போதே, சாரதி இல்லாத வண்டியாக 2012இல் மாற்றி முடித்தீர்கள், பிறகு 4ஆம் இலக்கத்தையும். சாரதியை எடுக்க முடிந்தது, படியை எடுக்க முடியாதா?

பேர்லினைப் பாருங்கள். அவர்களுடைய சுரங்க ரெயில் 1902இல் தொடங்கியது, உங்களுடையதைவிட இரண்டே வருடம் இளையது, நடுவில் ஒரு உலகயுத்தத்தில் குண்டு வாங்கி, பிறகு நகரமே இரண்டாகப் பிரிந்தும் கிடந்தது. இன்றைக்கு அங்கே பெரும்பாலான நிலையங்களில் லிப்ற் இருக்கிறது. 1924இல் தொடங்கிய பார்சிலோனாவிலும் அப்படித்தான்.

நன்றி சொல்லவேண்டியதற்கு நன்றி சொல்கிறேன். 2015இல் எல்லா வலயத்துக்கும் மாதச் சீட்டை ஒரே விலையாக்கினீர்கள், புறநகரில் இருக்கிற எங்களுக்கு அது பெரிய உதவி. 14ஆம் இலக்கம் திறந்த 1998ஆம் வருடம்தான் நானும் இந்த நாட்டுக்கு வந்தேன், அதில் எல்லா நிலையத்திலும் லிப்ற் உண்டு, புதிதாகக் கட்டுகிற பெரும்பாரிஸ் வழித்தடங்களின் 68 நிலையங்களிலும் இருக்கும். அதில் ஒன்று லாகூர்நெவ்வில். ஒலிம்பிக்குக்கு முன்பே வரும் என்றார்கள், ஒலிம்பிக் வந்து போய்விட்டது, ரெயிலைக் காணோம். வந்தாலும் அது அம்மாவை லாச்சப்பலில் இறக்காது. பழைய நிலையங்கள் முந்நூறு சொச்சம், பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. 2024இல் பாராலிம்பிக் நடந்த நாட்களில், பழைய மெற்றோவையும் எல்லோருக்குமாக மாற்றலாம், இருபது வருடம் எடுக்கும் என்று ஒரு பேச்சு வந்தது. இருபது வருடத்தில் அம்மாவுக்கு 92 வயது. அவர் காத்திருப்பார் என்று நினைக்கிறீர்களா?

ஒவ்வொரு வருடமும் ஆவணி மாதத்தில் லாச்சப்பலில் பிள்ளையாருக்குத் தேர் இழுக்கிறோம். பொலிஸ் வந்து வீதியை மூடித் தருகிறது, ஆயிரக்கணக்கில் சனம், வெள்ளைக்காரரும் வந்து பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துப் பார்க்கிறார்கள். வீதி மட்டமாக இருப்பதால் தேர் ஓடுகிறது. பிள்ளையாரையும் மெற்றோவில் வரச் சொல்லியிருந்தால் அவரும் பாதிப்படியில் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு பர்தோன் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

முந்நூறு நிலையத்தையும் ஒரே நாளில் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் சுரங்கத்திலிருந்து தூண்மேல் மாறுகிற நிலையத்தில் தொடங்குங்கள், அங்கே லிப்ற் போடுங்கள், எப்போது தொடங்குவீர்கள் என்று ஒரு திகதி எழுதுங்கள். வருத்தம் என்ற பந்தி வேண்டாம், திகதி போதும். அதுவரைக்கும், இருக்கிற லிப்ற் பழுதானால் அந்தத் தாளிலாவது எப்போது திருந்தும் என்று எழுதி ஒட்டுங்கள். வயதானவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புமுன் தெரிந்துகொள்ளும்படி செய்தால் இன்னும் நல்லது.

எந்த வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணிக்கு அம்மாவும் நானும் 7ஆம் இலக்க மேடையில் நிற்போம். உங்களில் யாருக்காவது வசதிப்பட்டால் தயவுசெய்து ஒருக்கா வாருங்கள். கூடவே ஏறுவோம். திரும்பி வரும்போது மரக்கறிப் பை இரண்டில் ஒன்றை நீங்கள் தூக்கினால் உதவியாக இருக்கும்.

மிக்க மரியாதையுடன்,
லாகூர்நெவ்விலிருந்து ஒரு சமையல்காரன்