குஞ்சத்தைப் பார்த்து வாங்கு, மாப்ள

மதுரை
புரட்டாசி 10

அன்புள்ள மாப்ளைக்கு,

சவர பிரஷ் பற்றிக் கேட்டிருந்த உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்தி காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டில் அனைவரும் சுகம். உசிலம்பட்டிப் பக்கம் மழை எப்படி, கண்மாயில் தண்ணீர் நின்றதா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

பல பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுவிட்டு பழையபடி ஒற்றை பிளேடு ரேசருக்கு மாறியது நல்ல முடிவு. ஆனால் ரேசரை மட்டும் மாற்றி, கிரீமைக் கையால் பூசிக்கொண்டிருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். தாடி முடி நன்றாகத் தண்ணீர் குடித்தால்தான் பிளேடுக்கு இளகிக் கொடுக்கும். அதற்கு இரண்டு மூன்று நிமிஷம் வேண்டும். அந்த நேரம் முழுக்க ஈரத்தை முகத்தில் நிறுத்தி வைப்பதும், படுத்திருக்கிற முடியைத் தூக்கி நிறுத்துவதும் பிரஷ் செய்கிற வேலை.

ஐந்நூறு ரூபாய்க்குள் எது வாங்கலாம், அப்பாவின் பித்தளைப் பிடி பிரஷை என்ன செய்யலாம் என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். முதல் கேள்விக்கு என் பதில்: மெல்லிய செயற்கை இழை, அதாவது சிந்தடிக் பிரஷ்; குஞ்சம் (பிடிக்கு மேலே நிற்கிற முடிக்கற்றை) குறுக்களவில் 22 அல்லது 24 மி.மீ. பொறுமை இருந்தால் பன்றி முடி. அந்த விலைக்கு பேட்ஜர் என்கிற விலங்கின் முடி என்று எதைக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு.

பேட்ஜர் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது நல்ல முடிதான், தண்ணீரையும் சூட்டையும் நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. பிரிட்டனில் அந்த விலங்கு 1992ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. நல்ல பேட்ஜர் பிரஷ் ஆயிரக்கணக்கில் போகும். முந்நூறு நானூறுக்குக் கிடைக்கிற 'பேட்ஜர்' பல சமயம் சாயம் போட்ட பன்றி முடிதான். நடுவில் கறுப்புப் பட்டை, நுனியில் வெள்ளை என்று அசலைப் போலவே தீட்டியிருப்பார்கள். வெந்நீரில் நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துப் பார். பழுப்பாக இறங்கினால் சாயம்.

பன்றி முடி பிரஷைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. முதல் வாரம் முரட்டுத்தனமாகக் குத்தும், ஈரம் பட்டதும் ஒரு மிருக வாடை அடிக்கும்; அதோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது கெட்ட பிரஷ் இல்லை, பழகாத பிரஷ். பன்றி முடியின் நுனி போகப் போக இரண்டாக, மூன்றாகப் பிளக்கும். இருபது முப்பது சவரம் ஆன பிறகு நுனி பஞ்சு மாதிரி ஆகிவிடும், அடிப்பக்கம் மட்டும் விறைப்பாகவே நிற்கும். சவரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கை கிடையாது. சீக்கிரம் பழக்க ஒரு வழி: வாங்கிய அன்று கொஞ்சம் ஷாம்பு போட்டு உள்ளங்கையில் நுரைத்துக் கழுவு. பிறகு சோப்பு நுரை ஏற்றி, அலசாமல் இரவு முழுக்க அப்படியே வைத்து, காலையில் அலசு. நாலைந்து நாள் இப்படிச் செய்தால் வாடையும் போய்விடும். தினமும் சவரத்துக்கு முன் ஐந்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வேண்டும், ஏனென்றால் பன்றி முடி தானே தண்ணீரை உறிஞ்சும். ஊறாமல் எடுத்தால் நீ கலக்குகிற நுரையின் ஈரத்தையே அது குடித்துவிடும். இந்த வகையில் பேர் பெற்றவை இத்தாலியில் பொலோனா ஊரில் 1931இல் தொடங்கிய ஒமேகாவும், போர்ச்சுகலில் 1935இல் தொடங்கிய செமோகும். உன் ஐந்நூறுக்குள் அவை அடங்குவது கஷ்டம், எங்காவது தள்ளுபடியில் வந்தால் விடாதே.

வீட்டில் மிருக முடி ஆகாது என்றால் ஒன்று கவனி. அட்டையில் வெறுமனே 'பிரிஸில்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பன்றி முடி. கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். உதிர்ந்த முடி ஒன்றைத் தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும். மிருக முடி பொசுங்கி, தலைமுடி கருகிய நாற்றம் அடிக்கும். மிச்சத்தை விரலால் நசுக்கினால் பொடியாகும். நைலான் உருகிச் சுருண்டு நுனியில் சின்ன மணி போல இறுகும், நசுக்கினால் நசுங்காது.

குதிரை முடி பிரஷ் நம் பக்கம் அபூர்வம். முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை முடி பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் பரவியது உண்மை. இப்போது முடியைக் கிருமி நீக்கித்தான் கட்டுகிறார்கள். ஆனாலும் யாரோ பயன்படுத்திய, எந்தக் காலத்தது என்று தெரியாத பிரஷைப் பழைய சாமான் கடையில் வாங்கி முகத்தில் வைக்காதே. பிடி பிடித்திருந்தால் பிடியை மட்டும் வைத்துக்கொள்.

இனி சிந்தடிக். மலிவான சலூன் பிரஷ்களில் இருக்கும் பழைய நைலான் தடிமனாக, பெயிண்ட் பிரஷ் மாதிரி இருக்கும். நுனி வெட்டுப்பட்டு மொட்டையாக இருப்பதால் குத்தும், நுரையும் உள்ளே நிற்காமல் வழிந்துவிடும். இப்போது வருகிற நல்ல இழை மெலிசு, நுனி கூர்ந்து வரும், நடுவில் லேசாக அலை அலையாக நெளிந்திருக்கும். அந்த நெளிவுக்குள்தான் நுரை தங்குகிறது. ஊற வைக்க வேண்டாம், வாடை இல்லை, சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். குறை என்று சொன்னால், இழைக்குள் தண்ணீர் ஏறாது. இழைகளுக்கு நடுவில்தான் நிற்கும். அதனால் நனைத்ததும் இரண்டு மூன்று உதறு உதறாவிட்டால் முதல் சுற்றிலேயே தண்ணீர் கொட்டி நுரை நீர்த்துவிடும். கொதிக்கிற தண்ணீரிலும் முக்கக் கூடாது, இழை சுருண்டு போகும். கை பொறுக்கிற சூடு போதும்.

மாசி வீதிப் பக்கம் பேன்சி கடைக்கோ சலூன் சாமான் கடைக்கோ வரும்போது சட்டைப்பையில் ஒரு பத்து ரூபாய்க் காசு வைத்துக்கொள். அதன் குறுக்களவு 27 மி.மீ. குஞ்சம் பிடிக்குள் இறங்கும் இடத்தில், பிரஷைக் கவிழ்த்துக் காசைப் பக்கத்தில் வைத்துப் பார். குஞ்சம் காசைவிடக் கொஞ்சம் ஒடுங்கி இருந்தால் 24; நன்றாகவே ஒடுங்கி இருந்தால் 22 அல்லது 20. காசு அளவுக்கே இருந்தால் நம் முகத்துக்குப் பெரிது. மூக்குக்குக் கீழே பூசும்போது உதடெல்லாம் நுரையாகும். உயரம் பிடியின் விளிம்பிலிருந்து நுனி வரை மூன்று விரற்கடை, அதாவது 50 முதல் 55 மி.மீ. அதைவிட உயரமானால் கொழகொழவென்று சாயும், குட்டையானால் விறைத்துக்கொண்டு கன்னத்தைத் தேய்க்கும்.

அடுத்தது அடர்த்தி. குஞ்சத்தின் நடுவை இரண்டு கட்டைவிரலாலும் பிரித்து, அடி வரை பார். பிடியின் பசை கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் முடியைக் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள். வெளியே பார்க்கப் பூசணிக்காய் போல உப்பியிருக்கும், உள்ளே வெற்றிடம். பிறகு உள்ளங்கையில் செங்குத்தாக அழுத்து. பாதி உயரம் அமுங்கி, விட்டதும் எழுந்து நிற்க வேண்டும். மோவாய்க்குக் கீழே, தொண்டைப் பக்கத்துத் தோலில் நுனியை லேசாகத் தட்டிப் பார். கன்னத்தைவிட அந்த இடம் சீக்கிரம் சொல்லிவிடும். ஊசி ஊசியாக உணர்ந்தால் நுனி வெட்டிய முடி. அது எத்தனை மாதமானாலும் பழகாது. கடைசியாகக் குஞ்சத்தைக் கைக்குள் பிடித்து மெதுவாக இழு. ஒன்றிரண்டு முடி வந்தால் பரவாயில்லை. வீட்டிலும் முதல் பத்து சவரம் வரை சில முடி உதிரும். அதற்குப் பிறகும் தினமும் நாலைந்து வந்தால் பசை சரியில்லை, அதை நிறுத்த முடியாது. பிடியைக் காதோரம் வைத்து ஆட்டியும் பார். உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் பிடி என்றால் விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கித் தேங்கும், பிறகு நாற்றம் வரும். முலாம் பூசிய வளையம் இருந்தால் அது ஒரு வருஷத்தில் உரியத் தொடங்கும். வளையம் இல்லாததே மேல்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வேண்டியது, தண்ணீர். எவ்வளவு நல்ல பிரஷானாலும் உங்கள் வீட்டு போர் தண்ணீரில் நுரை நிற்காது. உப்புத் தண்ணியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திரிந்து, வெள்ளைப் பிசுக்காக முடியில் படியும். நாள் ஆக ஆக பிரஷ் விறைத்து, நுனி ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் பழக்கிய மென்மை போய்விடும். ஆட்கள் பிரஷைத்தான் குறை சொல்வார்கள். சவரத்துக்குத் தேவை ஒரே ஒரு டம்ளர் நல்ல தண்ணி, இருநூறு மில்லி. அதில் பிரஷை நனை, அதையே சொட்டுச் சொட்டாக நுரைக்குச் சேர், மிச்சத்தில் கடைசியாகப் பிரஷை அலசு. முகத்தைக் கழுவ உப்புத் தண்ணி போதும். மாதம் ஒரு முறை, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் ஒரு மேஜைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டு, பிடி நனையாமல் குஞ்சத்தை மட்டும் ஐந்து நிமிஷம் வைத்து அலசினால் படிந்த பிசுக்கு கரைந்துவிடும்.

நுரை எடுக்கும் விதம் உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அளவு சொல்கிறேன். கிரீம் என்றால் புளியங்கொட்டை அளவு, எவர்சில்வர் கிண்ணத்தில். கட்டி சோப்பு என்றால் உதறிய பிரஷால் அரை நிமிஷம் சுற்று. முதலில் பசை போல வரும். பத்துச் சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கு, மறுபடி பத்துச் சொட்டு. மேலே மங்கலாக இருந்தது ஒரு கட்டத்தில் தயிர் மாதிரி மினுமினுக்கும், பிரஷைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும். அங்கே நிறுத்து. கண்ணுக்குத் தெரிகிற குமிழி வந்து சொய்யென்று உடைந்தால் தண்ணீர் கூடிவிட்டது, இன்னும் கொஞ்சம் கிரீம் சேர். முகத்தில் வட்டமாகச் சுற்று; ஆனால் பாதி உயரத்துக்கு மேல் நசுக்காதே. நடுவில் இருக்கிற முடி அடியில் ஒடிந்து, ஓரிரு வருஷத்தில் குஞ்சத்தின் நடுவில் குழி விழுவதற்கு இந்த நசுக்கல்தான் காரணம். முடிந்ததும் அலசி, பிழிந்து, உதறி, துண்டில் நாலு தடவை துடைத்துவிட்டு ஜன்னலோரம் நிமிர்த்தி வை. தொங்கவிடத்தான் வேண்டும் என்பதில்லை, காற்று பட்டால் போதும். ஈரத்தோடு டப்பாவுக்குள் போட்டால் பூசணம் பிடிக்கும். பன்றி முடி முழுசாகக் காய ஒரு நாள் ஆகும்.

அப்பாவின் பித்தளைப் பிடிக்கு வருகிறேன். அதைக் கண்டிப்பாகக் காப்பாற்றலாம். குஞ்சம் மட்டும் தனியாக விற்கிறது, 20, 22, 24, 26 மி.மீ. அளவுகளில். பழைய முடியைக் கத்தரியால் ஒட்ட வெட்டு. உள்ளே பசையோடு இறுகி நிற்கும் அடிக்கட்டையைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடை. பித்தளை என்பதால் இட்லிச் சட்டி ஆவியில் பத்து நிமிஷம் காட்டினால் பசை இளகி வேலை சுலபமாகும். பிளாஸ்டிக், மரப்பிடிக்கு அந்த வேலை ஆகாது. ஒன்று உருகும், மற்றது வெடிக்கும். குழி சுத்தமானதும் அதன் அகலத்தை அள. வாங்குகிற குஞ்சம் குழியைவிட ஒரு மி.மீ. சிறிதாக இருக்க வேண்டும். முதலில் பசை இல்லாமல் வைத்துப் பார். அதிகமாக இறங்கினால் அடியில் எம்-சீல் (பிசைந்து வைத்தால் இறுகும் அடைப்புப் பசை) வைத்து மட்டத்தை உயர்த்து, ஐம்பது மி.மீ. வெளியே நிற்கட்டும். பிறகு அரால்டைட் பசையை இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலக்கி, குழியின் சுவரிலும் அடியிலும் மெலிதாகத் தடவி வைத்து, நேராக நிற்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொள். பசை விளிம்பில் பிதுங்கினால் உடனே துடை, முடியில் ஏறினால் அந்த இடம் கட்டையாகிவிடும். ஒரு நாள் முழுக்க அசைக்காதே.

இந்த வழிக்குப் போனால் புது பிரஷே தேவைப்படாது. ஐந்நூறில் குஞ்சமும் பசையும் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். எனக்குப் பிடித்த வழியும் இதுதான். குழியின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து எழுது. அதற்குப் பொருந்துகிற குஞ்சமாகப் பார்த்து, தீபாவளிக்கு நீ வரும்போது கையில் தருகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள